மிளகு பொல்லாதவள் இல்லை

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகளின் எட்டாவது பிறந்தநாளுக்காக இரண்டு முயல் குட்டிகள் வாங்கினார்கள். சிவப்புக் கண்ணோடு வெள்ளை வெளேர் என்று ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. மகள் வைத்த பெயர்கள் வெண்ணிலா, மிளகு. ‘ரெண்டும் பொட்டைதான், ஒரே ஈத்துக் குட்டிங்க, சண்டையே வராது’ என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்தார். பத்து மாதம் அப்படித்தான் இருந்தது. ஒரே அட்டைப் பெட்டிக்குள் தூங்கின, ஒரே தட்டில் தின்றன, ஒன்றின் நெற்றியை ஒன்று நக்கிக்கொண்டே கிடந்தன. இடையில் வெண்ணிலாவுக்குக் காதில் சொறி முற்றித் தீனி எடுக்காமல் போகவே, மருத்துவமனையில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகின் பக்கத்தில் இறக்கிவிட்டதுமே மிளகு பாய்ந்துவிட்டாள். அறை முழுக்க முடி. வெண்ணிலாவின் காது கிழிந்தது. விலக்கப் போன வாசகியின் கையிலும் கடி. அன்றிலிருந்து மூன்று வாரமாக ஒன்று ஹாலில், ஒன்று படுக்கையறையில்.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ‘காவிரிக்கரைத் தோப்புல விட்டுடலாம், புல்லு இருக்கு, பிழைச்சுக்கும்’ என்கிறார் கணவர். ஒரு ஆண் முயலைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து வண்டியில் ஒரு சுற்று சுற்றி வந்தால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார் வாசகி. மகள் மிளகின் பக்கமே போவதில்லை. ‘அவ கெட்டவ’ என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ‘மிளகின் குணமே இதுதானா, டாக்டர்? வெண்ணிலாவை நாங்கள் அதிகம் கொஞ்சுவதால் வந்த பொறாமையா? ஒன்றைக் கொடுத்துவிடுவதுதான் வழியா?’ என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் வளரும் இரண்டு உயிர்கள் கண்ணெதிரே ஒன்றையொன்று கடித்துக் குதறுவதைப் பார்ப்பது எவ்வளவு கலங்கடிக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். மிளகு பொல்லாதவள் இல்லை. இது பொறாமையும் இல்லை. ஒன்றைக் கொடுத்துவிடுவது கடைசி வழி. இன்னும் நீங்கள் அந்த இடத்துக்கு வரவில்லை.

கடிதத்தின் ஓரத்தில் இருந்த வரி

நான்காம் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ‘சண்டை வந்த அந்த வாரம் மிளகு வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கும் பெட்டிக்குமாக அலைந்தாள். நெஞ்சு முடியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். இவளுக்கும் சொறி வந்துவிட்டதோ?’ அதற்கு முந்தைய பக்கத்தில், மருத்துவமனைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு வெண்ணிலா மிளகின் மேல் ஏறிக்கொண்டே இருந்தாள் என்றும், ஆண்தானோ என்று சந்தேகப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஷயம் கிட்டத்தட்ட வெளியே வந்துவிடுகிறது.

பெண் முயலுக்கு மாடு, நாய் போல இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று பருவம் கிடையாது. இணை சேரும் தூண்டுதல் கிடைத்தால்தான் கருமுட்டையே வெளிவரும். அந்தத் தூண்டுதலை ஆண்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும் போதும். அப்போது கரு எதுவும் தரிக்காமலேயே உடம்பு சினைப்பட்டதாக நினைத்துக்கொள்ளும். இதைப் பொய்ச்சினை என்போம். 16 முதல் 18 நாள் வரை இருக்கும். அது முடியும் கட்டத்தில் அந்த முயல் உண்மையிலேயே குட்டி போடப்போவது போலக் கூடு கட்டும். வாய் நிறையப் புல் கவ்வும், நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள மெல்லிய முடியைப் பிய்த்து மெத்தை போடும். அந்த மூலைக்கு யார் வந்தாலும் உறுமும், பாயும். நீங்கள் சொன்ன நாட்களைக் கூட்டிப் பார்த்தால், வெண்ணிலா வீடு திரும்பிய அன்று மிளகு சரியாக அந்தக் கட்டத்தில்தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் சொறி என்று நினைத்தது கூடு. பிறக்காத குட்டிகளுக்காக அவள் காவல் இருந்திருக்கிறாள்.

காட்டில் வாழும் இவற்றின் மூதாதைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாம் வீட்டில் வளர்க்கும் எல்லா முயல் இனங்களும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஐரோப்பிய முயலிலிருந்து வந்தவை. அவை மண்ணுக்குள் வளை தோண்டிச் சிறு கூட்டமாக வாழ்பவை. நம் ஊர்க் காடுகளில் ஓடும் முயல் வேறு சாதி. அது வளை தோண்டாது, தனியாகப் புதரடியில் கிடக்கும், வீட்டு முயலோடு சேர்ந்து குட்டி போடவும் முடியாது. ஐரோப்பிய முயல் கூட்டத்தில் ஆண்களுக்குள் ஒரு வரிசை, பெண்களுக்குள் தனியாக ஒரு வரிசை உண்டு. பெண் முயல்கள் தீனிக்காக அதிகம் சண்டை போடுவதில்லை. குட்டி ஈனும் வளைக்காகத்தான் கடுமையாகச் சண்டை போடும். உங்கள் வீட்டு அட்டைப் பெட்டி மிளகுக்கு அந்த வளை.

மேலே ஏறுவதால் மட்டும் ஒரு முயல் ஆணாகிவிடாது. யார் பெரியவர் என்று காட்டவும் ஏறும், பெண்ணும் ஏறும். ஒன்று ஆணாக இருந்திருந்தால், ஏறக்குறைய 31 நாள் சினைக்காலத்துக்கு, இந்தப் பத்து மாதத்தில் உங்கள் வீட்டில் குட்டிகள் நிறைந்திருக்கும். ஆனாலும் கடைக்காரர் வார்த்தையை நம்பி இருக்காதீர்கள். ஒரு மாதக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது அனுபவசாலிகளுக்கே தவறும் வேலை. இப்போது மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மூக்கு சொல்லும் உறவு

கூடு காக்கும் வெறி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வாசனை. வெண்ணிலா திரும்பி வந்தபோது உங்களுக்கு அவள் வெண்ணிலா. மிளகுக்கு அப்படி இல்லை. ஸ்பிரிட், மருந்து, அடுத்த கூண்டில் இருந்த நாய், யார் யாரோ தொட்ட கை எல்லாம் கலந்த ஓர் அந்நிய முயல் வளை வாசலில் வந்து நின்றது.

முயலுக்குத் தாடைக்கு அடியிலும், ஆசனவாய்க்குப் பக்கத்திலும், அடிவயிற்று மடிப்பிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நாற்காலிக் கால், கதவு மூலை, உங்கள் செருப்பு என்று எல்லாவற்றிலும் தாடையை உரசிக்கொண்டே போவது இதற்காகத்தான். ஆஸ்திரேலியாவில் 1960-களில் ரோமன் மிகிடோவிச் என்ற அறிஞர் முயல் கூட்டங்களை வருடக்கணக்கில் கவனித்தார். கூட்டத்தில் தலைமை தாங்கும் முயல்கள்தான் அதிகம் தாடை உரசுகின்றன, அவற்றின் சுரப்பிகளும் பெரிதாக இருக்கின்றன என்று எழுதினார். ஒன்றாக வாழும் முயல்களுக்கு ஒரு கூட்டு வாசனை இருக்கிறது. உங்கள் இரண்டு முயல்களும் நாளெல்லாம் நக்கி, உரசி, ஒரே பெட்டியில் புரண்டு அந்த வாசனையைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தன. இரண்டு இரவில் அது அறுந்துபோனது.

இதை நான் என் தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் இரண்டு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்த ஜோடி முயல்களில் ஒன்றைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார். ‘இன்னொன்றை ஏன் அலைக்கழிக்க வேண்டும், வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று நானே சொன்னேன். மறுநாள் அவர் அதையும் தூக்கிக்கொண்டு வந்து, என் மேஜையில் இரண்டையும் பக்கத்தில் விட்டார். வீட்டில் இருந்த முயல் மற்றதன் பின்புறத்தை முகர்ந்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. காதுகள் முதுகோடு ஒட்டின, வால் விறைத்து மேலே எழும்பியது. அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. அடுத்த நொடி மேஜை மேல் ஒரு முடிப்பந்து சுழன்றது. அந்தப் பெரியவரின் கட்டைவிரலுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். அவை மறுபடி சேர மூன்று மாதம் ஆனது. அன்றிலிருந்து யார் ஜோடி முயலில் ஒன்றைக் கொண்டுவந்தாலும், மற்றதையும் கூண்டோடு அழைத்து வாருங்கள், இரவு தங்கினாலும் இரண்டும் தங்கட்டும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் வெண்ணிலாவைப் பார்த்த இடத்தில் இதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வழிகள்

தோப்பில் விடுவது. உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புல் இருக்கும் இடத்தில் முயல் பிழைக்கும் என்று நம்புகிறார். வெள்ளை முயல் பச்சைப் புல்லில் உட்கார்ந்தால் பருந்துக்கும் நாய்க்கும் கீரிக்கும் தூரத்திலிருந்தே தெரியும். ஒளிய வளை இல்லை, எந்தச் செடி நஞ்சு என்று தெரியாது, வெயிலும் தாங்காது. பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். வளர்ப்புப் பிராணியைப் பசி தாகத்துக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. இதை அவரைப் பயமுறுத்துவதற்காகச் சொல்ல வேண்டாம்; என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லுங்கள், அவரே வேண்டாம் என்பார்.

ஆண் முயலைச் சேர்ப்பது. ஒரு மாதத்தில் இரண்டும் ஆளுக்கு ஆறு, ஏழு குட்டி போடும். ஈன்ற அன்றே மறுபடி சினைப்படக்கூடிய பிராணி இது. இரண்டு பெண்களும் கூட்டுக்காகச் சண்டை போடும் வீட்டில், கூட்டுக்கான காரணத்தையே கொண்டுவந்து வைப்பது போல ஆகும். பின்னாளில் மூன்றாவதாக ஒரு முயல் வேண்டும் என்றால், கருத்தடை செய்த ஆணாகப் பார்க்கலாம். இப்போது வேண்டாம்.

பெட்டியில் அடைத்து வண்டியில் சுற்றுவது. பயந்த முயல்கள் ஒட்டிக்கொண்டு உட்காரும் என்பது உண்மைதான். வெள்ளத்தில் ஒரே கிளையில் ஒதுங்கும் பாம்பும் எலியும்கூடச் சண்டை போடாது. அதற்காக அவை சிநேகம் ஆகிவிட்டன என்று சொல்ல மாட்டோம். பயம் தீர்ந்ததும் பழைய பகை திரும்பும். அதோடு, கடுமையான பயத்தில் முயலின் குடல் ஓட்டமே நின்றுபோகலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒன்றைக் கொடுப்பது. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், யாரிடம் போகிறது என்று தெரிந்து கொடுங்கள். சிவப்புக் கண் வெள்ளை முயல்கள் பெரும்பாலும் நியூசிலாந்து வெள்ளை இனம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனம், நான்கு ஐந்து கிலோ வரை வளரும். ‘பண்ணையில் விட்டுவிடுகிறேன்’ என்று வாங்கிப் போகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

வெண்ணிலா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், தீனி குறைந்துவிட்டது, ராத்திரியில் பின்னங்காலால் தரையைத் ‘தட் தட்’ என்று அறைகிறாள் என்கிறீர்கள். நீங்கள் இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கால் தட்டுவது அபாய எச்சரிக்கை. சுவருக்கு அந்தப் பக்கம் மிளகின் வாசனையும் சத்தமும் வருகிறது, ஆனால் ஆளைப் பார்க்க முடியவில்லை என்ற பதற்றமாக இருக்கலாம். வலியாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் கவலை.

முயல் கடி மேலே சின்னப் புள்ளியாகத் தெரியும். உள்ளே சீழ் பிடிக்கும். முயலின் சீழ் நம்முடையது போல ஒழுகி வெளியே வராது, பாலாடை போலக் கட்டிப்பட்டு உள்ளேயே தங்கிவிடும். உடம்பு முழுக்க முடியை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில், தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோங்கள். வெண்ணிலாவுக்கு இருந்த காதுச் சொறி தொற்றும் வகை. மிளகின் காதையும் பார்க்க வேண்டும். சொறிக்கு நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம். வாய் வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் அப்படியே. குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று முயலையே கொன்றுவிடும். வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்: முயல் 12 மணி நேரம் தின்னாமலோ, புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கருத்தடை பற்றி

உங்கள் இரண்டு முயல்களும் பெண் என்று உறுதியானால், நிரந்தரமாகச் சேர்ந்து வாழ இரண்டுக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதே என் முதல் ஆலோசனை. பொய்ச்சினை நிற்கும், கூட்டுக்கான சண்டை பெருமளவு குறையும். இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று வருவது மிகவும் அதிகம். முயல் எட்டு, பத்து வருடம் வாழக்கூடியது என்பதால் இது உங்கள் வீட்டுக்கு வராத விஷயம் என்று ஒதுக்க முடியாது.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து நாய், பூனையைவிட அபாயமானது. பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மயக்கம் கொடுத்த முயல்களில் 1.39 சதவீதம் இறந்தன. ஆரோக்கியமாக இருந்த முயல்களை மட்டும் எடுத்தால் 0.73 சதவீதம். நாய்களில், நோயுற்றவற்றையும் சேர்த்து, 0.17 சதவீதம்தான். முயல்களைக் கையாண்டு பழகிய கை வேண்டும் என்பது இதனால்தான். உங்களுக்கு நாமக்கல்லிலும் தஞ்சாவூர் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சென்னை வேப்பேரி கல்லூரியும் உண்டு. போன் செய்து, முயலுக்குக் கருத்தடை செய்கிறார்களா என்று கேளுங்கள். தனியார் மருத்துவரிடம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். இதுவரை எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள்? வலிக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள்? முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம், ராத்திரியே தீனியை நிறுத்திடுங்க’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் நின்றுபோகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் அறுவை சிகிச்சையையும் சேர்த்து வைக்கும் முயற்சியையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் திணறல். உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பதும், படுக்க ஒரு கடப்பைக்கல் பலகை போடுவதும் பெரிய உதவி.

மறுபடி அறிமுகம்

அறுவை முடிந்து நான்கு வாரமாவது போகட்டும். ஹார்மோன் அடங்க அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் சும்மா இருக்க வேண்டாம். முதலில் இரண்டையும் ஒரே அறைக்குக் கொண்டுவாருங்கள், நடுவில் கம்பி வலைத் தடுப்பு. ஒரு வலை போதாது. நான்கு விரல் இடைவெளி விட்டு இரண்டு வலை வையுங்கள். இல்லாவிட்டால் வலை வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை படுக்கைத் துணியை மாற்றிப் போடுங்கள், புழுக்கைத் தட்டை மாற்றி வையுங்கள், பக்கத்தையே மாற்றி விடுங்கள். கொத்தமல்லித் தழையோ, அருகம்புல்லோ கொடுக்கும்போது தடுப்புக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் வையுங்கள். முதலில் வலையைப் பார்த்து உறுமுவார்கள். அப்புறம் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு நாள் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகைக் காட்டிப் படுத்திருப்பார்கள். அந்த நாள்தான் அடுத்த படி.

நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இரண்டுக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். இதுவரை இரண்டும் போகாத அறை, அல்லது பக்கத்து வீட்டு வராண்டா. வழுக்கும் டைல்ஸ் மேல் முயலுக்குக் கால் நிற்காது, பதற்றம் கூடும். கோரைப்பாயோ சணல் சாக்கோ விரியுங்கள். நேரம், விடிகாலை அல்லது அந்தி. அப்போதுதான் அவை இயல்பாகச் சுறுசுறுப்பாக இருக்கும். முதல் நாள் பத்து நிமிடம் போதும். கையில் ஒரு முறமும் தடிமனான துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வந்தால் கையை விடக் கூடாது, முறத்தை நடுவில் இறக்குங்கள்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சிறிது துரத்தல், ஒரு கொத்து முடி பிடுங்கல், மேலே ஏறுதல் இவற்றை விடலாம். வரிசையை அவை தாங்களே பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் தலைப் பக்கமாக ஏறினால் உடனே விலக்குங்கள். கீழே இருப்பது கடித்தால் மேலே இருப்பதற்கு ஆபத்து. காது முதுகோடு ஒட்டி, வால் மேலே எழுந்து, ஒன்றன் பின்புறத்தை ஒன்று துரத்தி வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் அடுத்த நொடி சண்டை. வட்டம் போடும்போதே முறத்தை இறக்கிவிட வேண்டும்.

நல்ல அறிகுறிகள் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். ஒன்றையொன்று கவனிக்காமல் புல் தின்பது. உட்கார்ந்து தன் முகத்தைத் தானே கழுவிக்கொள்வது. ஒன்று தலையைத் தரையோடு தாழ்த்தி மற்றதன் முன்னால் நீட்டுவது. இது பணிவு என்று நினைப்போம்; உண்மையில் ‘என்னை நக்கிவிடு’ என்ற கேள்வி. மற்றது நக்கிவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று. நக்காமல் அதுவும் தலையைத் தாழ்த்தினால் இரண்டும் அப்படியே நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடக்கும். பொறுமையாக விடுங்கள். ஒவ்வொரு சந்திப்பையும் அமைதியான நேரத்திலேயே முடியுங்கள், சண்டையில் முடியாதீர்கள்.

இதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். சேர்ந்தபின் வைக்கும் ஒளிவுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டது தப்ப முடியாது. தண்ணீர், புல், தட்டு எல்லாம் இரண்டு இரண்டு. இரண்டு நாள் முழுக்க நீங்கள் கூடவே இருந்து, துரத்தல் ஏதும் இல்லை என்று பார்த்தபிறகுதான் ஒரு இரவு தனியாக விட வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒட்டவில்லை என்றால்? அப்படியும் நடக்கும். அப்போதும் அந்த இரட்டை வலைத் தடுப்போடு ஒரே அறையில் காலம் முழுக்க வாழலாம். ஒன்றன் மூச்சு ஒன்றுக்குக் கேட்கும், வாசனை தெரியும், பக்கத்தில் படுக்க முடியும். கதவு சாத்திய தனி அறையைவிட இது எவ்வளவோ மேல்.

மகளிடம் சொல்ல வேண்டியது

ஒன்பது வயதை நெருங்கும் குழந்தைக்கு இதைப் புரியவைக்கலாம். மிளகு தன் வயிற்றில் பாப்பா இருப்பதாக நினைத்துக்கொண்டாள், அந்தப் பாப்பாக்களைக் காப்பாற்றப் பார்த்தாள், அக்காவின் வாசனை மாறிவிட்டதால் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லுங்கள். பெரியவர்களைவிட அவளுக்குச் சீக்கிரம் புரியும்.

இன்னொன்று. மகள் வெண்ணிலாவை மடியில் மல்லாக்கப் போட்டால் கண்ணைத் திறந்தபடியே தூங்கிவிடுகிறாள், அவ்வளவு நம்பிக்கை என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அது தூக்கம் இல்லை. இரையாகும் பிராணி பிடிபட்டதும் செத்ததுபோலக் கிடக்கும் நிலை அது. உள்ளே இதயம் பயத்தில் இருக்கும். திடீரென்று உதறினால் பின்னங்காலின் வலுவுக்கு அதன் முதுகெலும்பே முறியலாம். தூக்குவதை மகள் கொஞ்ச நாள் நிறுத்தட்டும். தரையில் கால் நீட்டி உட்காரட்டும், கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும். முயலே வரும். முதலில் பாதத்தை முகரும், தாடையை முழங்காலில் உரசும், சில நாளில் பக்கத்தில் வந்து பொத்தென்று ஒருக்களித்து விழுந்து கிடக்கும். நெற்றியை வருடும்போது பல்லை மெல்ல ‘நறநற’ என்று அசைக்கும். பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். அது சுகம். அதே பல் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும்படி பலமாக இருந்து, உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தால் அது வலி.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தடுப்புக்கு இரு பக்கமும் யார் எங்கே படுத்தார்கள், யார் முதலில் தின்றார்கள், யார் கால் தட்டினார்கள் என்று தினமும் அந்தியில் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கத்தை மிளகிலிருந்து ஆரம்பிக்கட்டும். அறுவைக்குத் தேதி குறித்ததும் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். போகும்போது இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் இருவரின் பழைய படுக்கைத் துணியையும் துவைக்காமல் அப்படியே உள்ளே போடுங்கள்.